கவர்னர் ஆன்ல இருந்தா மட்டும் போதாது பாஸ்

2020 அக்டோபர் 12 காலைல மும்பைல லைன் ட்ரிப் ஆகி கரண்ட் போய் லோக்கல் டிரெயின் எல்லாம் நடுவழியில நின்னுச்சே, அன்னிக்கு செம்பூர்ல எங்க பில்டிங் கீழ மாமா ஒருத்தர் புடிச்சுக்கிட்டார், "ஏம்ப்பா, நீ பவர் பிளாண்ட்ல தான இருக்க, உங்க மெஷின் எல்லாம் என்ன பண்ணுது?" நல்ல கேள்விதான். கேஸ் டர்பைன் கவர்னர, அதாவது ஸ்பீடப் பாத்து எரிபொருள ஏத்தி இறக்கற கன்ட்ரோல, கிரிடுக்கு (எல்லா பிளாண்டும் சேர்ந்து கரண்ட் குடுக்கற பொது நெட்வொர்க்) உதவுற மாதிரி வைக்கறது எப்படின்னு பாப்போம்.

முதல்ல டிரூப், அதாவது ஃப்ரீக்வன்சி எவ்ளோ இறங்கினா மெஷின் எவ்ளோ லோடு ஏத்தணும்ங்கற கணக்கு. உற்பத்தி தேவைக்குப் பத்தலன்னா கிரிட் ஃப்ரீக்வன்சி இறங்கும். 4% டிரூப்னா, 50 ஹெர்ட்ஸ்ல 2 ஹெர்ட்ஸ் இறங்கினா மெஷின் முழு லோடும் ஏத்தணும்னு அர்த்தம். அப்போ 0.1 ஹெர்ட்ஸ் இறங்கினா 100 மெகாவாட் மெஷின் 5 மெகாவாட் ஏத்தணும். கணக்கு அவ்ளோதான்.

ஆனா அந்த 5 மெகாவாட்டுக்கு இடம் இருக்கணுமே! இங்கதான் பாதி பேர் கோட்டை விடறாங்க. எரிபொருள் எவ்ளோன்னு ஸ்பீடு கன்ட்ரோல் ஒண்ணு சொல்லும், எக்ஸாஸ்ட் டெம்பரேச்சர் கன்ட்ரோல் (வெளிய போற புகையோட சூடு எல்லை மீறாம பாத்துக்கறது) ஒண்ணு சொல்லும், எது கம்மியோ அதுதான் வால்வுக்குப் போகும். பேஸ் லோடுல, அதாவது டெம்பரேச்சர் எல்லை வரைக்கும் முழுசா ஏத்தி ஓட்டினா டெம்பரேச்சர்தான் எஜமான், கவர்னர் சும்மா பொம்மை. இன்னொரு கொடும, ஃப்ரீக்வன்சி இறங்கினா ஷாஃப்ட் மெதுவாகும், கம்ப்ரஸர் காத்து கம்மியா இழுக்கும், டெம்பரேச்சர் ஏறும், உடனே எரிபொருள வெட்டும், அதாவது கிரிட் கைய நீட்டும்போது நம்ம மெஷின் கைய இழுத்துக்கும். மே மாச வெயில்ல கேக்கவே வேணாம், காத்து லேசாகி அவுட்புட்டே இறங்கியிருக்கும். அதனால அன்னன்னிக்கு என்ன அவுட்புட் வருதோ அதுல ஒரு 5% மிச்சம் விட்டு ஓட்டுங்க. கேஸ் செலவுன்னு மேனேஜர் முணுமுணுப்பார், முணுமுணுக்கட்டும்.

அடுத்து லோட் செட்பாயிண்ட், அதாவது மெஷின் இவ்ளோ மெகாவாட் குடுக்கணும்னு நாம வைக்கற அளவு. நான் பாத்த ஒரு மெஷின்ல ட்ரெண்ட் ஸ்கிரீன்ல மெகாவாட் கோடு ஜம்முனு ஏறுச்சு, சரின்னு டீ கிளாஸ கைல எடுக்கறதுக்குள்ள பழைய இடத்துக்கே வந்து உக்காந்துருச்சு. கவர்னர் ஏத்தினத, லோட செட்பாயிண்ட்லயே வச்சுக்கற வெளி லூப் "செட்பாயிண்ட் இது இல்லயே"ன்னு இறக்கிடுச்சு. அந்த லூப்புக்கு ஃப்ரீக்வன்சி பயாஸ் குடுத்தா, அதாவது ஃப்ரீக்வன்சி இறங்கினா செட்பாயிண்டும் கூடவே ஏறற மாதிரி வச்சா, சரியாயிடும். டெட்பேண்டையும் (ஃப்ரீக்வன்சி எவ்ளோ மாறற வரைக்கும் கவர்னர் அசையாதோ அந்த அளவு) ஒருதடவ பாருங்க, 0.03 ஹெர்ட்ஸுக்கு மேல யாராவது ஏத்தி வச்சிருப்பாங்க.

ஐலண்ட் ஆயிட்டா, அதாவது கிரிட்ல இருந்து பிரிஞ்சு தனியா ஓடினா, கதை வேற: ஒரே ஒரு மெஷின்தான் ஐசோக்ரனஸ் (லோடு எவ்ளோ மாறினாலும் ஸ்பீட ஒரே அளவுல புடிச்சு வைக்கறது), மத்ததெல்லாம் டிரூப். ரெண்டு மெஷின ஐசோக்ரனஸ்ல போட்டா ரெண்டும் லோடுக்காக குழாயடிச் சண்டை போடும்.

எல்லாம் செட் பண்ணிட்டு எல்டிசிக்கு (கிரிட கண்காணிக்கற லோட் டெஸ்பாட்ச் சென்டர்) போன் போட்டு சொல்லிட்டு, பொய் ஃப்ரீக்வன்சி சிக்னல் ஒண்ணு உள்ள விட்டு டெஸ்ட் பண்ணுங்க. ஏறின மெகாவாட் ரெண்டு மூணு நிமிஷமாவது நிக்குதான்னு பாத்துட்டு அப்புறமா டீ குடிங்க.