வெள்ளம் வடிந்த வீட்டில் சுவிட்ச் போர்டைச் சோதித்துச் சுத்தம் செய்வது எப்படி?

வீட்டுக்குள் வந்த தண்ணீர் வடிந்ததும் பலருக்கும் கை போவது மெயின் சுவிட்சுக்குத்தான். ஃபோனில் சார்ஜ் இல்லை, மோட்டார் போட்டால்தான் தொட்டியில் தண்ணீர் ஏறும், அவசரம் புரிகிறது. ஆனால் அந்த நேரத்தில்தான் நிதானம் வேண்டும்.

கடலூர், புதுச்சேரிக்காரர்களுக்கு இது புதிதல்ல. 2011இல் தானே புயல், 2015இல் பெருமழை, 2024இல் ஃபெஞ்சல். ஃபெஞ்சல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அடுத்த இரண்டு மூன்று நாளில் சாத்தனூர் அணையில் திறந்துவிட்ட தண்ணீர் தென்பெண்ணை வழியாக வந்து கடலூரின் தாழ்வான பகுதிகளில் புகுந்தது. ஆற்றுத் தண்ணீர் சேற்றைக் கொண்டுவரும். தேவனாம்பட்டினம், தாழங்குடா போலக் கடலை ஒட்டிய இடங்களில் உப்பும் சேரும். போர்டு காயும்போது தண்ணீர்தான் போகிறது. சேறும் உப்பும் உள்ளேயே தங்கிவிடுகின்றன. உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை மறுபடி இழுத்துக்கொள்ளும். அதனால் வெளியே நன்றாகக் காய்ந்து தெரிகிற போர்டுக்குள்ளும் ஃபேஸுக்கும் (கரன்ட் வரும் வயர்) நியூட்ரலுக்கும் (கரன்ட் திரும்பும் வயர்) நடுவே கரன்ட் மெல்லக் கசிந்து, பிளாஸ்டிக்கைக் கருக்கி, சில வாரம் கழித்துக்கூடத் தீப்பிடிக்கலாம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பார்ப்பது, ஃபோட்டோ எடுப்பது, துடைப்பது எல்லாம் கற்றுக்கொள்கிற யாரும் செய்யலாம். வயரைக் கழற்றி மாட்டும் வேலையை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் செய்ய வேண்டும். நீங்கள் பக்கத்தில் இருந்து பாருங்கள். ஈபி மீட்டர், அதன் சீல், கம்பத்திலிருந்து வரும் சர்வீஸ் வயர் மூன்றையும் தொடவே கூடாது.

கரன்டை முழுசாக நிறுத்துங்கள்

தரையில் தண்ணீர் நிற்கும்போது மெயின் சுவிட்சை நோக்கி நடக்காதீர்கள். தமிழ்நாட்டுப் பக்கம் என்றால் மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணில் சொல்லி, கம்பத்திலேயே இணைப்பைத் துண்டிக்கச் சொல்லுங்கள். புதுச்சேரியில் உங்கள் பகுதி மின்துறை அலுவலகத்தில் சொல்லலாம். தரை காய்ந்திருந்தால் ரப்பர் செருப்புப் போட்டுக்கொண்டு, ஈரமில்லாத கையால் மெயினை அணைத்து, இருக்கிற எம்சிபி (கரன்ட் அளவுக்கு மீறினால் தானே விழும் சிறு சுவிட்ச்) எல்லாவற்றையும் கீழே இறக்குங்கள். பழைய வீட்டில் ஃபியூஸ் கட்டையையும் உருவி உங்கள் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். வேறு யாரும் தெரியாமல் மாட்டிவிடக் கூடாது.

அப்புறம் இன்வெர்ட்டர். இதைத்தான் மிகப் பெரிய ஆபத்தாக நினைக்கிறேன். மெயின் அணைந்த நொடியே இன்வெர்ட்டர் வேலை செய்யத் தொடங்கி, ஃபேன், லைட் வயர்களில் 230 வோல்ட்டை அனுப்பிவிடும். இன்வெர்ட்டரின் சுவிட்சை அணைத்து, அதிலிருந்து வீட்டுக்குப் போகிற பிளக்கையும் பிடுங்குங்கள். இன்வெர்ட்டரே நனைந்திருந்தால் தொடாமல் எலக்ட்ரீஷியனுக்காகக் காத்திருங்கள். மாடியில் சோலார் இருந்தால் அதையும் நிறுத்த வேண்டும்.

இனி டெஸ்டர். வேலை செய்யாத டெஸ்டரும் "கரன்ட் இல்லை" என்றுதான் காட்டும். அதனால் பக்கத்து வீட்டில் கரன்ட் இருக்கிற, நனையாத பிளக்கில் அது எரிகிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு உங்கள் போர்டில் வையுங்கள். வேலை முடிந்ததும் மறுபடி பக்கத்து வீட்டில் ஒரு முறை. மல்ட்டிமீட்டர் இருந்தால் இன்னும் நல்லது: ஃபேஸ்–நியூட்ரல், ஃபேஸ்–எர்த், நியூட்ரல்–எர்த் மூன்றுக்கும் நடுவே அளக்க வேண்டும். வயரின் நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். பழைய வீடுகளில் கறுப்பு வயரில் ஃபேஸ் வருவதும் உண்டு.

பிளேட்டைக் கழற்றிப் பாருங்கள்

திருப்புளியால் ஸ்க்ரூவை எடுத்து பிளேட்டை முன்பக்கம் மெதுவாகச் சாயுங்கள். இழுக்காதீர்கள், உள்ளே லூப் வயர்கள் பிடித்திருக்கும். எதையும் தொடும் முன் இரண்டு மூன்று கோணத்தில் ஃபோட்டோ எடுங்கள். எந்த வயர் எங்கே இருந்தது என்ற சண்டை பிறகு வராது.

சுவரில் தண்ணீர் நின்ற கோடு தெரியும். அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்த போர்டு முழுகியது என்றே கணக்கு. மேலே இருந்தாலும், மாடியிலிருந்து வயர் வரும் பைப் வழியாக மழைநீர் இறங்கியிருக்கலாம். பெட்டியின் மேல் பக்க ஓட்டையிலிருந்து துருக்கோடு இறங்கியிருந்தால் அதுதான் காரணம். பித்தளை ஸ்க்ரூக்களில் பச்சைப் பூப்பு, பிளேட்டின் பின்புறம் வெள்ளைப் பொடி, எரிந்த மீன் போன்ற நாற்றம், பழுப்பேறிய பிளாஸ்டிக், செத்த பல்லி, எறும்பு மண் எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

எதைத் துடைக்கலாம், எதைத் தூக்கிப் போட வேண்டும்

முழுகிய எம்சிபி, ஆர்சிசிபி (கரன்ட் கசிந்தால் தானே விழும் சுவிட்ச்), சுவிட்ச், சாக்கெட், ஃபேன் ரெகுலேட்டர் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். இங்கே சிக்கனம் பார்க்க வேண்டாம். எம்சிபிக்குள் ஸ்பிரிங்கும் மெல்லிய தகடும் இருக்கின்றன. சேறு அடைத்தாலும் கரன்ட் வழக்கம்போலப் பாயும், ஆனால் ஷார்ட் ஆகும்போது எம்சிபி விழாது. உங்களைக் காக்க வேண்டிய பொருள் காக்கவில்லை என்பதே அப்போதுதான் தெரியவரும். சாக்கெட்டின் துளைக்குள் போன வண்டலையும் வெளியிலிருந்து எடுக்க முடியாது.

மிஞ்சுவது இரும்புப் பெட்டி, பிளேட், சட்டம், வயர். பிளேட்டைத் தனியே கழற்றி நல்ல தண்ணீரில் கழுவி நிழலில் உலர்த்தலாம். பெட்டிக்குள் முதலில் காய்ந்த பிரஷ்ஷால் மண்ணைத் தட்டி எடுங்கள். பிறகு நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடையுங்கள். உப்பைக் கரைக்கத் தண்ணீரால்தான் முடியும். கடைசியாக ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் ஒரு முறை. இது தீப்பற்றும் பொருள், ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். மண்ணெண்ணெய், பெட்ரோல் வேண்டவே வேண்டாம். பெட்டியைத் திறந்தபடியே உலரவிடுங்கள். மழைக்காலக் காற்றில் ஒரு நாளில் காயாது.

வயர்தான் கவனமாகப் பார்க்க வேண்டிய இடம். பல இழை கொண்ட செம்பு வயர், வெட்டிய முனை வழியாகத் தண்ணீரை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். எலக்ட்ரீஷியன் முனையை அரை இஞ்ச் வெட்டி உறையைச் சீவும்போது பாருங்கள். செம்பு பளபளவென்று இருந்தால் சரி. கறுத்திருந்தால் இன்னும் கொஞ்சம் வெட்டச் சொல்லுங்கள். எவ்வளவு வெட்டியும் கறுப்பு போகவில்லை என்றால் அந்த வயரையே மாற்ற வேண்டும். டேப் சுற்றிய பழைய ஜாயின்ட் எதையும் விட்டுவைக்காதீர்கள்.

மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டியை நீங்கள் திறக்க வேண்டாம். உள்ளே இருக்கும் கெபாசிட்டரில் மெயினை அணைத்த பிறகும் மின்சாரம் தங்கியிருக்கும்.

தண்ணீரே வராமல் கருகிய போர்டு

பெரும்பாலும் ஹீட்டரோ ஏசியோ மாட்டிய 16 ஆம்பியர் சாக்கெட்தான் கருகும். காரணம் பெரும்பாலும் தளர்ந்த ஸ்க்ரூ. சாக்கெட்டோடு, கறுத்த பிளக்கையும் சேர்த்து மாற்றுங்கள். பிளக்கின் கறுத்த முனை புது சாக்கெட்டையும் சுட்டுவிடும். ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று தடித்த கம்பி போடுவது வீட்டுக்குத் தீ வைப்பதற்குச் சமம்.

மறுபடி கரன்ட் கொடுப்பது

மூடும் முன் எலக்ட்ரீஷியனிடம் மெகர் (வயர் உறையின் இன்சுலேஷனை அளக்கும் கருவி) வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 500 வோல்ட் மெகரில் இன்சுலேஷன் 1 மெகா ஓமுக்குக் குறையக் கூடாது. சரியாக இருந்தால் எல்லா எம்சிபியும் கீழே இருக்கும்போதே மெயினையும் ஆர்சிசிபியையும் போட்டு, ஆர்சிசிபியில் உள்ள 'டி' பட்டனை அழுத்துங்கள். உடனே விழ வேண்டும். விழவில்லை என்றால் அதை நம்பி மேலே போகாதீர்கள். விழுந்தால், ஆர்சிசிபியை மறுபடி போட்டுவிட்டு எம்சிபிகளை ஒவ்வொன்றாக, இடைவெளி விட்டுப் போடுங்கள். எந்த எம்சிபியைப் போட்டதும் ஆர்சிசிபி விழுகிறதோ அதைக் கீழேயே விட்டுவிட்டு மற்றதைப் பயன்படுத்துங்கள். தொல்லை தாங்காமல் ஆர்சிசிபியைத் தவிர்த்து நேராக இணைத்துவிடச் சொல்பவர்கள் உண்டு, ஒருபோதும் சம்மதிக்காதீர்கள்.

வயரிங் மாற்றும்படி ஆகிவிட்டால், கீழ்த்தளத்து பிளக் பாயின்ட்களுக்குத் தனி எம்சிபியும், சுவரில் தண்ணீர் நின்ற கோட்டுக்கு மேலே புது போர்டும் கேட்டு வாங்குங்கள். அடுத்த மழையில் மாடிக்கு ஏறும்போது கீழ்த்தளத்தை மட்டும் அணைத்துவிட்டுப் போகலாம்.