ஒரு நீர்மூழ்கிக் கப்பலின் போர்க்கால வரலாற்றை ஆவணங்களிலிருந்து எழுதும் முறை

இரண்டாம் உலகப் போரில் பசிபிக் கடலில் பணியாற்றிய ஓர் அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பலின் வரலாற்றை எழுத முனைவோர் பலர், அது எத்தனை கப்பல்களை மூழ்கடித்தது என்ற கணக்கிலிருந்தே தொடங்குகிறார்கள். அந்தக் கணக்கைக் கடைசிக்கு ஒதுக்கிவைப்பது நல்லது. பெரிஸ்கோப்பைச் சில விநாடிகள் மட்டும் உயர்த்திப் பார்த்தவர் கண்டது ஒன்று. போர் முடிந்தபின் எதிரியின் ஏடுகளைப் புரட்டியவர்கள் கண்டது வேறொன்று. இரண்டையும் தனித்தனியே அறிந்த பிறகுதான் கணக்கைப் பற்றிப் பேச முடியும்.

முதலில் படிக்க வேண்டியது போர் ரோந்து அறிக்கை. ஒவ்வொரு ரோந்தும் முடிந்து பேர்ல் ஹார்பர், மிட்வே, பிரிஸ்பேன், ஃப்ரீமேண்டில் போன்ற தளமொன்றுக்குத் திரும்பியதும், கப்பலின் கட்டளை அதிகாரி இதை மேலிடத்துக்குச் சமர்ப்பித்தார். பின்னர் நுண்படச் சுருளாக்கப்பட்ட இந்த அறிக்கைகள் இப்போது அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. பெரும்பாலானவற்றை இணையத்திலேயே படிக்கலாம். நாள்வாரியான விவரிப்பு இதன் முதன்மைப் பகுதி. அதைத் தொடர்ந்து வானிலை, கண்ணில் பட்ட கப்பல்கள், விமானங்கள், தாக்குதல் விவரங்கள், எதிரியின் எதிர்நடவடிக்கைகள், இயந்திரப் பழுதுகள், ரேடார், சோனார் (ஒலியால் நீருக்கடியில் உள்ளவற்றைக் கண்டறியும் கருவி), மாலுமிகளின் உடல்நலமும் உணவும், கடந்த தொலைவு, செலவான எரிபொருள் என்று தனித்தனிப் பகுதிகள் வரும். விவரிப்பை மட்டும் படித்துவிட்டு மூடிவிடக் கூடாது. விவரிப்பில் ஒரே வரியில் கடந்துபோகும் ஒரு பழுது, பழுதுகளின் பகுதியில் பல பத்திகளுக்கு நீளும். ரோந்து ஏன் அந்த நாளில் முடிந்தது என்பதற்கான விடையும், அதாவது டார்பீடோக்கள் (நீருக்கடியில் ஓடிச்சென்று இலக்கைத் தாக்கும் வெடிகலங்கள்) தீர்ந்தனவா, எரிபொருள் குறைந்ததா, மேலிடத்து ஆணை வந்ததா என்பதும், பெரும்பாலும் கடைசிப் பக்கங்களில்தான் இருக்கும்.

படிக்கும்போதே நாள், நேரம், இடம், நிகழ்வு என்ற நான்கு கட்டங்களில் குறிப்பெடுத்து வாருங்கள். நேரத்தை எழுதுமிடத்தில் அது எந்த நேர மண்டலத்தைச் சேர்ந்தது என்பதையும் மறவாமல் குறிக்க வேண்டும். பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்ட நாள் ஹவாயில் 1941 டிசம்பர் 7. டோக்கியோவில் அது டிசம்பர் 8. மேற்குநோக்கிச் செல்லும் கப்பல், பசிபிக்கில் தேதி மாறும் எல்லையான நாட்கோட்டைத் தாண்டியவுடன் நாட்காட்டியில் ஒரு நாள் குதித்துவிடும். ஜப்பானியப் பதிவுகள் பெரும்பாலும் டோக்கியோ நேரத்தையே பின்பற்றுவதால், ஒரே தாக்குதல் இரண்டு ஏடுகளில் இரண்டு தேதிகளில் பதிவாகியிருக்கக்கூடும். இதைக் கவனிக்காதவர் ஒரு நிகழ்வை இரண்டாக எண்ணிவிடுவார்.

அறிக்கையில் மிகப் பொறுமையாகப் படிக்க வேண்டியது தாக்குதல் விவரப் பகுதி. எத்தனை டார்பீடோக்கள் எவ்வளவு தொலைவிலிருந்து ஏவப்பட்டன, எந்த ஆழத்தில் ஓடுமாறு அமைக்கப்பட்டிருந்தன, இலக்கின் வேகமும் திசையும் எவ்வாறு கணிக்கப்பட்டன, எவை வெடித்தன என்று ஒவ்வொரு டார்பீடோவுக்கும் இங்கே பதிவு உண்டு. 1943 ஜூலை 24 அன்று டினோசா என்ற நீர்மூழ்கிக் கப்பல், எண்ணெய்க் கப்பலாகப் பயன்பட்டுவந்த மூன்றாம் டோனான் மாருவைத் தாக்கிய பதிவு இதற்குச் சிறந்த சான்று. இலக்கு அசைவற்று நின்ற பிறகு, கட்டளை அதிகாரி டான் டாஸ்பிட் இடத்தைத் தேர்ந்து, கணக்குப் பார்த்து, ஒவ்வொரு டார்பீடோவாக ஏவினார். அவை சென்று மோதின; வெடிக்கவில்லை. மொத்தம் ஏவிய 15-இல் 11 வெடிக்காமல் போயின. மிஞ்சிய ஒன்றை ஏவாமல், ஆய்வுக்காகத் தளத்துக்குத் திருப்பிக் கொண்டுவந்தார். அமெரிக்க நீர்மூழ்கிகள் அப்போது பயன்படுத்திய மார்க் 14 டார்பீடோவில், இலக்கில் மோதியதும் அதை வெடிக்கவைக்கும் கருவியான மோதல் வெடிப்பி, செங்குத்தாக மோதும்போது நசுங்கிச் செயலிழக்கிறது என்பது அதன்பின் ஹவாயில் நடந்த சோதனைகளில் உறுதியானது. எனவே 1943-இன் இறுதிக்கு முந்தைய ரோந்து ஒன்றை எழுதுபவர், ‘தாக்குதல் தோற்றது’ என்று மட்டும் எழுதுவது அந்த மாலுமிகளுக்குச் செய்யும் அநீதி. டார்பீடோக்கள் அமைத்த ஆழத்துக்குக் கீழே ஓடினவா, முன்னதாகவே வெடித்தனவா, மோதியும் வெடிக்கவில்லையா என்பதைப் பிரித்துக் காட்ட வேண்டும்.

அறிக்கையுடன் இணைந்திருக்கும் மேலதிகாரிகளின் மதிப்புரைகளையும் விடக்கூடாது. ரோந்து வெற்றிகரமானது என ஏற்கப்பட்டதா, போர்ச் சின்னம் அணிய மாலுமிகளுக்கு அனுமதி கிடைத்ததா, எந்தக் கப்பல்கள் அப்போது கணக்கில் சேர்க்கப்பட்டன என்பவை அங்கேதான் தெரியவரும்.

இதற்குப் பிறகே கணக்குக்கு வர வேண்டும். தரைப்படையும் கடற்படையும் இணைந்து 1943-இல் அமைத்த மதிப்பீட்டுக் குழு, ஜப்பானிய ஆவணங்களையும் ஆராய்ந்து 1947-இல் தன் அறிக்கையை வெளியிட்டது. போர்க்காலத்தில் ஏற்கப்பட்ட பல வெற்றிகள் அதில் காணாமற்போயின. ஆயினும் வேறுபாடு எப்போதும் ஒரே திசையில் போவதில்லை. டாங் என்ற நீர்மூழ்கிக் கப்பலின் மூன்றாம் ரோந்தில் 8 கப்பல்கள் மூழ்கியதாகப் போர்க்காலக் கணக்கு சொன்னது. குழுவோ 10 என்றது, ஆனால் மொத்த டன் அளவு குறைந்தது. மேலும், 500 டன்னுக்குக் குறைந்த வணிகக் கலங்களைக் குழு கணக்கிலேயே எடுக்கவில்லை. போரின் பிற்பகுதியில் பீரங்கியால் சிறு படகுகளை மூழ்கடித்த ஒரு கப்பலின் உழைப்பில் பெரும்பகுதி, இதனாலேயே அந்த அட்டவணையில் தென்படாது.

ஆர்ச்சர்ஃபிஷ் என்ற நீர்மூழ்கிக் கப்பலின் கதை இன்னும் தெளிவான எச்சரிக்கை. 1944 நவம்பர் 29 அதிகாலையில் அது 6 டார்பீடோக்களை ஏவி, ஷினானோ என்ற ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பலைத் தாக்கியது. நான்கு மோதின, முற்பகலில் ஷினானோ மூழ்கியது. யமாட்டோ வகைப் போர்க்கப்பலாகக் கட்டத் தொடங்கி நடுவில் மாற்றியமைக்கப்பட்ட அந்தக் கப்பல் இருப்பதே அமெரிக்க உளவுத் துறைக்குத் தெரியாததால், கட்டளை அதிகாரி ஜோசப் என்ரைட் சொன்னதை முதலில் நம்பத் தயங்கினார்கள். பின்னர் 28,000 டன் விமானந்தாங்கி என்று ஏற்றார்கள். அதன் உண்மை அளவு போருக்குப் பின்னரே விளங்கியது. ஆகவே போர்க்காலக் கணக்கு, குழுவின் கணக்கு, ஜப்பானியப் பதிவு ஆகிய மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, எந்த எண் எங்கிருந்து வந்தது என்பதை வாசகருக்குச் சொல்லிவிடுங்கள். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை மறைப்பது வரலாறு ஆகாது.

அறிக்கை வேண்டுமென்றே சொல்லாமல் விட்ட செய்தியும் உண்டு. ஜப்பானியச் சங்கேதச் செய்திகளை உடைத்துப் பெற்ற தகவலின்பேரில் ஒரு கப்பல் குறிப்பிட்ட இடத்துக்கு அனுப்பப்பட்டிருந்தாலும், இரகசியம் கருதி அதை அறிக்கையில் எழுதமாட்டார்கள். வெளிப்படையான காரணம் ஏதுமின்றிக் கப்பல் திடீரென ரோந்துப் பகுதிக்குள் இடம் மாறிக் காத்திருப்பதைக் கண்டால், அந்த இடத்தைக் குறித்துவைத்துக்கொண்டு, பின்னாளில் வெளியிடப்பட்ட சங்கேதத் தகவல் ஆவணங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஊகத்தை உறுதியாக எழுதிவிட வேண்டாம்.

திரும்பி வராத கப்பலை எழுதுவது கடினம். அந்தப் போரில் அமெரிக்கா 52 நீர்மூழ்கிக் கப்பல்களை இழந்தது. அவற்றில் பலவற்றின் கடைசி ரோந்துக்கு அறிக்கையே இல்லை. டாங் இதில் விதிவிலக்கு. 1944 அக்டோபர் 25 அதிகாலையில் தைவான் நீரிணையில் அது ஏவிய கடைசி டார்பீடோ வட்டமிட்டுத் திரும்பி வந்து அதையே தாக்கியது. உயிர் பிழைத்துச் சிறைப்பட்ட 9 பேரில் ஒருவரான கட்டளை அதிகாரி ரிச்சர்ட் ஓகேன், விடுதலைக்குப் பின் அந்த ரோந்தின் அறிக்கையை எழுதினார். நினைவிலிருந்து எழுதப்பட்டது என்பதை அதை மேற்கோள் காட்டும் ஒவ்வொருவரும் சொல்லியாக வேண்டும். வாஹூ என்ற மற்றொரு நீர்மூழ்கிக் கப்பல் 1943 அக்டோபர் 11 அன்று, ஜப்பானின் வடக்கே உள்ள லா பெரூஸ் நீரிணையில் அழிந்தபோது எவரும் பிழைக்கவில்லை. அதன் முடிவை அறிய எதிரியின் தாக்குதல் பதிவுகளே துணைநின்றன. கடலடியில் கிடந்த கப்பலை அமெரிக்கக் கடற்படை 2006-இல்தான் உறுதிசெய்தது. இத்தகைய கப்பலுக்கு ஜப்பானிய ஆவணங்களைத் தேட, 2001-இல் தொடங்கப்பட்ட ஆசிய வரலாற்று ஆவண மையத்தின் இணையத்தளம் பயன்படும்.

மாலுமிகளை அறிய ஆட்பட்டியல்களும், கப்பலின் நாட்பதிவேடும் உள்ளன. ஆட்பட்டியலில் அதிகாரிகள் இடம்பெறமாட்டார்கள். அவர்களை நாட்பதிவேட்டில் தேட வேண்டும். ஒருவர் இரண்டு ரோந்துகளுக்கு இடையே வேறு பணிக்கு மாற்றப்படுவது வழக்கமான நடைமுறை என்பதால், கப்பலில் சேர்ந்த நாளையும் விட்டுப்போன நாளையும் சரிபார்க்காமல் எவரையும் ஒரு தாக்குதலோடு சேர்த்து எழுதாதீர்கள். கடலில் மறைந்தவர்களின் பட்டியலாக இருந்தால், ஒவ்வொரு பெயரின் எழுத்தையும் மூலப் பதிவோடு மறுமுறை ஒப்பிட்ட பிறகே வெளியிடுங்கள்.