முட்டை வடிவத் துளையும் ஹோல் சாவும்

மொட்டைமாடிப் பிளாஸ்டிக் தொட்டியில், 1 அங்குல டேங்க் நிப்பிள் (தொட்டிச் சுவரில் குழாயை இணைக்கும் மரையுள்ள துண்டு) பொருத்திய இடம் மூன்று நாட்களாகக் கசிந்தது. டெஃப்ளான் டேப் உதவவில்லை; சிலிக்கானோ பாலிஎதிலீனில் ஒட்டாமல் தோல்போல உரிந்துவந்தது. நிப்பிளைக் கழற்றியபோதுதான், பழுக்கக் காய்ச்சிய கம்பியால் இட்ட துளை முட்டை வடிவில் இருப்பதும், உருகிய விளிம்பு மேடாகி வாசரைப் படியவிடாததும் தெரிந்தன.

அந்தத் துளையையே பெரிய வட்டமாக அறுத்து, ஒன்றரை அங்குல நிப்பிளைப் பொருத்த முடிவு செய்தேன். அதன் மரையின் வெளிவிட்டமே ஏறக்குறைய 48 மி.மீ. என்பதால் (பெயரிலுள்ள ஒன்றரை அங்குலத்தை நம்பி 38 மி.மீ. வாங்கியிருந்தால் அதுவும் வீண்) 50 மி.மீ. ஹோல் சா (டிரில்லில் மாட்டி வட்டத் துளை அறுக்கும் ரம்பம்) வாங்கினேன். ஆனால் வட்டம் விலகாமல் பிடிக்கும் அதன் நடு டிரில் கடிக்க, பழைய துளை இருந்த இடத்தில் பிளாஸ்டிக்கே இல்லை. ஆகவே பிளைவுட் துண்டொன்றில் முதலில் அதே ஹோல் சாவால் துளையிட்டு, அதைத் தொட்டிச் சுவரில் அழுத்திப் பிடித்து, அந்த வட்டத்தையே வழிகாட்டியாகக் கொண்டு குறைந்த வேகத்தில் அறுத்தேன். பிசிறைக் கத்தியால் வழித்து, ரப்பர் வாசருடன் இறுக்கியதும் கசிவு நின்றது.