காஸ்ட்லி புறநகருக்கு குடி மாறணுமா? பட்ஜெட்டுக்குள்ள வீடு தேடுறது இப்படித்தான்

வேலை மாறுது, இல்ல பசங்க படிப்புக்காக, இல்ல வயசான அப்பா அம்மாவுக்கு பக்கத்துல இருக்கணும்னு, ஏதோ ஒரு காரணத்துக்காக இப்ப இருக்கிற இடத்தை விட விலை கூடுன புறநகருக்கு போயே ஆகணும்னு வச்சுக்கோங்க. நெட்ல வீட்டு விலைய பார்த்த உடனே மலைச்சுப் போயிடுவீங்க, இங்க மூணு ரூம் வீட்டுக்கு கொடுக்கிற காசுக்கு அங்க ஒன்றரை ரூம்தான் வரும்போல இருக்கும். சரி, எங்கயாவது ஒரு மூலையில சீப்பா ஒரு வீடு ஒளிஞ்சிருக்கும், தேடுனா கெடைக்கும்னு நெனச்சு இறங்குவீங்க. அப்படி எதுவும் ஒளிஞ்சிருக்காது. அந்த மாதிரி ஏரியாவுல ஒரு வீடு விலை கம்மியா இருக்குன்னா அதுக்கு கண்டிப்பா ஒரு காரணம் இருக்கும். அந்த காரணம் என்னன்னு கண்டுபுடிச்சு, அது எல்லாரையும் உறுத்துற காரணமா, இல்ல மத்தவங்கள உறுத்தும் ஆனா உங்க குடும்பத்தை உறுத்தாதான்னு பிரிச்சுப் பார்க்கிறதுதான் இதுல மொத்த வேலையும்.

அதுக்கு முன்னாடி காசு கணக்கு. எல்லாரும் வீட்டு விலைய வச்சு யோசிப்பாங்க, நீங்க மாசக் கணக்கை வச்சு யோசிங்க. கடன் தவணை, சொத்து வரி, இன்சூரன்ஸ், அபார்ட்மென்ட்னா மெயின்டனன்ஸ், கரண்ட் தண்ணி, போக்குவரத்து இத்தனையும் சேர்ந்ததுதான் அந்த வீட்டோட உண்மையான விலை. கடன் கொடுக்கிறவங்ககிட்ட ரொம்ப காலமா புழங்குற ஒரு கணக்கு இருக்கு, 28/36னு சொல்லுவாங்க, வரி பிடிக்கிறதுக்கு முந்தின மாச வருமானத்துல வீட்டுக்கு 28 சதவீதத்துக்கு மேல போகக்கூடாது, வீடு கார் கார்டுன்னு எல்லா கடனும் சேர்ந்து 36ஐ தாண்டக்கூடாது. காஸ்ட்லி ஏரியாவுல இதுக்குள்ள நிக்கிறது கஷ்டம்தான், ஆனா எவ்வளவு தாண்டுறோம்னு தெரிஞ்சு தாண்டணும். பேங்க் இவ்வளவு தருவோம்னு ஒரு நம்பர் சொல்லும் பாருங்க, அது உங்களால வசதியா கட்ட முடியிற நம்பர் கிடையாது, அவங்க தைரியமா கொடுக்கக்கூடிய நம்பர், ரெண்டையும் குழப்பிக்காதீங்க.

தவணையை குறைக்க வருஷத்தை நீட்டிக்கலாம்னு ஒரு ஐடியா கண்டிப்பா யாராவது கொடுப்பாங்க. ஒரு லட்சம் கடனுக்கு கணக்கு போட்டுப் பாருங்க, எந்த ஊர் காசா இருந்தாலும் விகிதம் ஒண்ணுதான். 8 சதவீத வட்டியில 20 வருஷத்துக்கு மாசம் சுமார் 836 வரும், 30 வருஷம் ஆக்குனா 734. மாசம் நூத்தி சொச்சம் மிச்சம்னு தோணும், ஆனா கடைசியில கட்டி முடிக்கும்போது வட்டி மட்டும் முதல் கணக்குல ஒரு லட்சத்து சொச்சம், ரெண்டாவது கணக்குல ஒரு லட்சத்து 64 ஆயிரம். அப்புறம் மாறுற வட்டின்னா இன்னொரு டெஸ்ட்டும் பண்ணுங்க, அதே 20 வருஷத்துக்கு வட்டி 8ல இருந்து 10க்கு போனா 836 வந்து 965 ஆயிடும், அதாவது 15 சதவீதம் கூடுது, அன்னைக்கு உங்க சம்பளம் அதே அளவுதான் இருக்கும்னு வச்சுக்கிட்டு பாருங்க, மூச்சு முட்டுனா பட்ஜெட்டை இப்பவே குறைச்சுக்கோங்க. விரலுக்கேத்த வீக்கம்னு சும்மா சொல்லல.

பேப்பர்ல கணக்கு போடுறதை விட நல்ல வழி ஒண்ணு இருக்கு. புது வீட்டுக்கு மாசம் மொத்தமா எவ்வளவு ஆகும்னு வருதோ, அதுல இப்ப வீட்டுக்கு ஆகிற செலவைக் கழிச்சிட்டு மீதியை ஒரு மூணு நாலு மாசம் தனி அக்கவுன்ட்ல போட்டுட்டு வாங்க, அந்த பக்கமே போகாதீங்க. வீட்ல சண்டை வராம ஓடுச்சுன்னா அந்த வீடு உங்களுக்கு கட்டுப்படியாகும், ரெண்டாவது மாசமே அதுல இருந்து எடுக்க வேண்டி வந்துச்சுன்னா ஆகாது. அந்தப் பணமும் எங்கயும் போகல, முன்பணத்துக்கு சேர்ந்துக்கும்.

போக்குவரத்தை தனியா சொல்லியே ஆகணும், ஏன்னா விலை கம்மின்னு தள்ளிப் போறவங்க ஏமாறுறது இங்கதான். தினமும் போக ஒரு மணி நேரம் வர ஒரு மணி நேரம்னா மாசம் 22 நாள் வேலைக்கு 44 மணி நேரம், முழுசா ஒரு வாரத்து ஆபீஸ் வேலைக்கும் மேல, அதை ரோட்லயே கழிக்கிறீங்க. அதோட பஸ்ஸோ ரயிலோ சரியா இல்லாத இடம்னா ரெண்டாவது வண்டி வாங்க வேண்டி வரும், அந்த வண்டியோட தவணை பெட்ரோல் இன்சூரன்ஸ் எல்லாம் கூட்டுனா, கொஞ்சம் விலை கூடுன வீட்டையே ஸ்டேஷன் பக்கத்துல வாங்கியிருக்கலாம்னு வரும் பல பேருக்கு. மேப்ல காட்டுற நேரத்தை நம்பாதீங்க, ஒரு திங்கக்கிழமை காலையில ஸ்கூல் டயத்துல நீங்களே போய்ப் பாருங்க. ஆனா வாரத்துல ரெண்டு நாள்தான் ஆபீஸ் போறீங்கன்னா கதையே வேற, எல்லாரும் ஒதுக்குற தூரம் உங்களுக்கு ஒரு குறையே இல்ல, மொதல்ல சொன்னேனே அந்த காரணம், இது ஒண்ணு.

இப்ப குடும்பமா உக்காந்து பேசுங்க, வீடு பார்க்க போறதுக்கு முன்னாடி. பார்த்துட்டு வந்து பேசுனா ஒருத்தருக்கு பால்கனி புடிச்சிருக்கும் ஒருத்தருக்கு கிச்சன் புடிச்சிருக்கும், அப்புறம் நியாயம் எடுபடாது. எதை விட்டே கொடுக்க மாட்டோம்னு மூணே மூணு மட்டும் எழுதுங்க, பத்து எழுதுனா பட்ஜெட் தாங்காது. பசங்க வயசு இதுல பெரிய விஷயம். நாலு வயசுப் பிள்ளை இருக்கிற வீட்டுக்கு அடுத்த பதினஞ்சு வருஷத்துக்கு ரூம் வேணும், பதினாலு வயசுப் பிள்ளைன்னா இன்னும் நாலஞ்சு வருஷத்துல வெளிய படிக்கப் போயிடலாம், அதுக்காக ஒரு ரூம் எக்ஸ்ட்ரா வச்சு இருபது வருஷம் கடன் கட்டுறதுல அர்த்தமே இல்ல. வயசானவங்க கூட இருந்தா கீழ்த்தளத்துல ஒரு ரூமும் பாத்ரூமும் இருக்கான்னு பாருங்க, அது அந்த மூணுல ஒண்ணா இருக்கட்டும். கொஞ்சம் பெரிய ஹால் இருந்தா ஒரு தடுப்பு போட்டு படிக்கிற இடம் ஆக்கிக்கலாம், அதனால ரூம் எண்ணிக்கைய பார்க்காதீங்க, எப்படி பிரிஞ்சிருக்குன்னு பாருங்க. விளம்பரத்துல போடுற சதுர அடியில சுவரு, படிக்கட்டு, காரிடார் பங்கு எல்லாம் கலந்திருக்கலாம், சுவருக்கு உள்ள நடக்கிற இடம் எவ்வளவுன்னு கேட்டு அதை வச்சு விலைய வகுத்துப் பாருங்க, ரெண்டு வீட்டை ஒப்பிடணும்னா அதுதான் சரியான அளவு.

தேடுற விதம் ரொம்ப சிம்பிள். நீங்க நெனச்ச புறநகரோட பேரை மட்டும் போட்டு தேடாதீங்க, அதை ஒட்டி இருக்கிற, பேர் எடுக்காத பக்கத்து ஏரியாவையும் பாருங்க, ரயில் இருந்தா ஒண்ணு ரெண்டு ஸ்டேஷன் தள்ளி. அதே மார்க்கெட், அதே ஆஸ்பத்திரி, அதே பார்க், ஆனா அட்ரஸ்ல அந்த பேர் இருக்காது, பேருக்குன்னு கொடுக்கிற காசு மிச்சம். ஸ்கூலுக்காக போறீங்கன்னா மட்டும் ஜாக்கிரதை, வீட்டு முகவரிய வச்சு சீட் கொடுக்கிற ஊர்கள்ல ஒரே தெருவுல இந்தப் பக்கம் வீட்டுக்கு சீட் உண்டு எதிர்ப்பக்கம் கிடையாதுங்கிற கதை இருக்கு, எல்லையும் அப்பப்ப மாறும். புரோக்கர் சொன்னாருன்னு நம்பாம அந்த ஸ்கூல்லயோ கல்வி அலுவலகத்துலயோ கதவு நம்பரை சொல்லி நேரா கேளுங்க.

விளம்பரத்துல இருக்கிறது கேக்குற விலை, பத்திரத்துல முடியிறது வேற விலை. சமீபத்துல அதே தெருவுல நிஜமா என்ன விலைக்கு முடிஞ்சதுன்னு பதிவு விவரம் வெளிய கெடைக்கிற ஊருன்னா அதைப் பாருங்க, இல்லன்னா ரெண்டு மூணு புரோக்கர்கிட்ட தனித்தனியா கேளுங்க. அவங்களுக்கும் வெறுமனே பட்ஜெட்டை சொல்லாதீங்க, என்ன குறை இருந்தா பரவாயில்லன்னு சொல்லுங்க, பழைய கிச்சன் ஓகே, லிஃப்ட் இல்லாத மூணாவது மாடி ஓகேன்னு சொன்னா, விக்காம கெடக்குற வீடு அவங்களுக்கு உடனே ஞாபகம் வரும். சும்மா தெருத்தெருவா நடந்தும் பாருங்க, நெட்ல ஏறாத போர்டு இன்னும் மாட்டியிருக்காங்க.

இப்ப அந்த காரணத்துக்கு வருவோம். மூஞ்சிக்கு நல்லா இல்லாத வீடு, பச்சை கலர் பாத்ரூம், ஓட்டையான அலமாரி, இருட்டான ஹால் பெயின்ட், குடியிருக்கிறவங்க சாமான் அடைச்சு வச்சிருக்கிறது, விளம்பரத்துல போட்ட போட்டோ கேவலமா இருக்கிறது, இதெல்லாம் நல்ல காரணம், காசைக் கொடுத்தா சரியாயிடும், இல்ல கொடுக்காமலே பழகிடும். வாரிசுகளுக்குள்ள பிரிக்கணும்னு விக்கிற வீடு, வெளியூர் போறவங்க அவசரமா விக்கிறது, இதுவும் நல்லதுதான், பேப்பர் சுத்தமா இருந்தா. மெயின் ரோட்டு சத்தம், பக்கத்துல ரயில் பாதை, வெளிச்சம் வராத பக்கம் பார்த்த ஜன்னல், இதெல்லாம் நடுவுல, சிலருக்கு ஒத்துக்கும் சிலருக்கு ஒத்துக்காது, ஒரு ராத்திரி பத்து மணிக்கு மேல அந்த தெருவுல காரை நிறுத்தி கண்ணாடிய இறக்கி வச்சுட்டு கொஞ்ச நேரம் உக்காருங்க, தெரிஞ்சிடும். ஆனா இந்த குறை எதையும் நீங்க மாத்த முடியாது, நாளைக்கு விக்கும்போதும் இதே குறையோடதான் விப்பீங்க, அதனால வாங்கும்போதே அதுக்கு விலைய குறைச்சிருக்கணும். தண்ணி நிக்கிற பள்ளம், உக்காருற அஸ்திவாரம், வில்லங்கம் உள்ள பத்திரம், இந்த மூணு மட்டும் எவ்வளவு குறைச்சாலும் தொடாதீங்க.

வீட்டுக்குள்ள போனதும் டைல்ஸை பார்க்காதீங்க, சுவரோட அடியில ஒரு முழம் பாருங்க. வெள்ளையா உப்பு பூத்திருக்கா, பெயின்ட் பொருக்கு தட்டியிருக்கா, விரலால தொட்டா சில்லுன்னு ஈரமா இருக்கா. வீடு முழுக்க பழைய பெயின்ட், ஒரே ஒரு சுவர் மட்டும் புதுசுன்னா அந்த சுவர்ல என்னமோ மறைச்சிருக்காங்கன்னு சந்தேகப்படுங்க. சிங்க் அடியில இருக்கிற அலமாரிய திறந்து தலைய உள்ள விட்டு மோந்து பாருங்க, பூஞ்ச வாடை பொய் சொல்லாது. சுவர்ல முடி மாதிரி மெல்லிசு விரிசல் பெரும்பாலும் பூச்சு காயும்போது வர்றது, பயப்பட வேண்டாம், ஆனா கதவு ஜன்னல் மூலையில இருந்து சாய்வா கிளம்பி, உள்ள ஒரு காசை சொருகுற அளவுக்கு அகலமா இருந்து, பக்கத்துல இருக்கிற கதவும் பிடிச்சு பிடிச்சு திறந்தா, இன்ஜினியர் பார்க்காம ஒரு அடி நகராதீங்க. தரையில ஒரு கோலிக்குண்டை விடுங்க, ஓடுதான்னு பாருங்க. மேல்மாடி குழாய்கள ஒண்ணா திறந்துவிட்டு ஃப்ளஷ் பண்ணுங்க, தண்ணி வேகம் குறையுதா, கீழ எங்கயாவது கொப்பளிக்குதான்னு தெரியும். ஒரு தடவையாவது மழை பெய்யும்போது போங்க, மழை இல்லன்னா அந்த தெருவுக்கு தெனமும் வர்ற டெலிவரி பையன்கிட்டயோ வாட்ச்மேன்கிட்டயோ போன மழைக்கு தண்ணி எது வரைக்கும் வந்துச்சுன்னு கேளுங்க, விக்கிறவர் சொல்லாததை அவங்க சொல்லிடுவாங்க. போன ஒரு வருஷ கரண்ட் பில்லையும் கேட்டு வாங்குங்க, பெரிய வீடு சீப்பா கெடச்சு மாசாமாசம் பில்லு கட்டியே ஓஞ்சு போறது யானையை கட்டி தீனி போடுற கதை.

வாங்கித்தான் ஆகணுமான்னும் ஒரு கேள்வி இருக்கு. வீட்டு விலையை அதே மாதிரி வீட்டோட ஒரு வருஷ வாடகையால வகுத்துப் பாருங்க, 15க்குள்ள வந்தா வாங்குறது நல்லது, 20ஐ தாண்டிடுச்சுன்னா வாடகைதான் லாபம்னு பொதுவா ஒரு கைக்கணக்கு. காஸ்ட்லி புறநகர்ல பல இடத்துல 20ஐ தாண்டித்தான் இருக்கும். கணக்கு எப்படி வந்தாலும் ஏரியா தெரியாதுன்னா ஒரு வருஷம் வாடகைக்கு போறதுதான் என் ஓட்டு, ரெண்டு தடவை சாமான் ஏத்தி இறக்கணுமேன்னு அலுப்பா இருக்கும், ஆனா தப்பான வீட்டை வாங்கி திருப்பி விக்கிறதுல பதிவு செலவு, புரோக்கர் கமிஷன், வரின்னு போறதை பாத்தா அந்த அலுப்பு ஒண்ணுமே இல்ல.

பேரம் பேசுறதுக்கு நேரம் முக்கியம். குடும்பங்கள் தேடுற வீட்டுக்கு ஸ்கூல் திறக்கிறதுக்கு முந்தின மாசங்கள்ல கூட்டம் அடிக்கும், திறந்த பிறகு கொஞ்சம் ஓயும், அப்ப பேசுங்க. ரொம்ப நாளா விளம்பரத்துல இருக்கிற வீடு, ஒரு தடவை விலை இறக்குன வீடு, இவங்கதான் இறங்கி வருவாங்க. சும்மா குறைச்சுக்கோங்கன்னு கேக்காதீங்க, ரிப்பேருக்கு ஆள் வச்சு எஸ்டிமேட் எழுதி வாங்கி அந்த பேப்பரை முன்னாடி வைங்க. விலை படியலன்னா வேற வழியில கேளுங்க, குடி போற தேதிய தள்ளி வைக்கலாம், பிரிட்ஜ் வாஷிங்மெஷின் விட்டுட்டு போகச் சொல்லலாம்.

முன்பணம் கொடுக்கிறதுக்கு முன்னாடி பத்திரத்தை உங்க வக்கீல் பார்க்கணும், விக்கிறவரோ புரோக்கரோ சொல்ற வக்கீல் வேண்டாம். கடன் கெடைக்கலன்னா முன்பணம் திரும்ப வரும்னு ஒப்பந்தத்துல ஒரு வரி எழுத வைங்க. கையில இருக்கிறதை எல்லாம் துடைச்சு முன்பணமா கொடுத்துடாம மூணு மாச செலவுக்கு காசை தனியா வச்சுக்கோங்க, குடி போன மொத மாசமே மோட்டாரோ ஹீட்டரோ ஏதாவது ஒண்ணு கண்டிப்பா படுத்துக்கும்.