ஈர நிலத்தில் வெட்டிவேர்: முதல் தடவை நடுகிறவர்களுக்கு

பீலிக்குக் கீழே எப்போதும் சொதசொதவென்று கிடக்கும் நிலம், மழைக்குக் கரைந்து இறங்கும் கான் ஓரம். மலையகத்தில் வீட்டுப் பக்கம் இப்படி ஓரிடமாவது இருக்கும். கோவா, கரட் வைத்தால் அழுகிப்போகிற அந்த இடத்தில் வெட்டிவேர் நன்றாக வரும். நம் துணைக்கண்டத்துச் சதுப்புகளில் தானாகவே வளரும் பல்லாண்டுப் புல் அது. நல்ல வெயில் மட்டும் வேண்டும். மர நிழலில் தேறாது.

1. பருவம். ஹட்டன், மஸ்கெலியா பக்கம் மே மாத மழையோடு நடலாம். பதுளை, பண்டாரவளைக்கு ஒக்டோபர்.

2. நாற்று. விதை தேடாதீர்கள். வளர்க்கிற வகைகளில் முளைக்கும் விதை அநேகமாகக் கிடைக்காது. வைத்திருப்பவரிடம் ஒரு பழைய தூர் கேட்டு வாங்குங்கள். ஹோட்டன் சமவெளியின் ஈரப் பத்தனையில் (மலைப் புல்வெளியில்) உள்ள புல்லைப் பார்த்து ஆசைப்பட்டு அங்கே கைவைத்துவிடாதீர்கள். 1988 முதல் அது தேசியப் பூங்கா, எதையும் பிடுங்கக்கூடாது.

3. பிரித்தல். தூரை இரண்டு மூன்று தண்டு சேர்ந்த துண்டுகளாக வெட்டுங்கள். இழுத்துப் பிய்த்தால் அடிப்பகுதி சிதையும். இலையை 20, வேரை 10 சென்ரிமீற்றருக்குக் கத்தரித்து, நடும்வரை வேர் நனையும்படி வாளித் தண்ணீரில் வையுங்கள்.

4. நடுதல். அவசரப்படாமல் செய்யவேண்டியது இதுதான். மண் கரையாமல் பிடித்து நிற்க, வரிசை சரிவுக்குக் குறுக்கே, ஒரே மட்டத்தில் போகவேண்டும். கண்ணை நம்பாதீர்கள், மேசன்மார் மட்டம் பார்க்கிற தண்ணீர்க் குழாயை இரவல் வாங்குங்கள். வரிசை ஓரிடத்தில் தாழ்ந்தால் தண்ணீர் எல்லாம் அங்கே கூடி அறுத்துக்கொண்டு போகும். துண்டுக்குத் துண்டு 10 முதல் 15 சென்ரிமீற்றர் போதும். நெருக்கமாகத் தெரியும், பரவாயில்லை. இந்தப் புல் கொடியோடிப் பரவாது, நின்ற இடத்திலேயே தூர் பருக்கும். ஆகவே இடைவெளி விட்டால் அது ஓட்டையாகவே கிடக்கும். பட்டுப்போன இடத்தில் உடனே வேறு துண்டு வையுங்கள். சுற்றிலும் மண்ணைக் காலால் நன்றாக மிதித்துவிடுங்கள்.

5. பராமரிப்பு. முதல் சில மாதம் களை பிடுங்குவது முக்கியம். அப்புறம் முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டால் தண்டு கூடும். வெட்டிய இளம் இலையை மாட்டுக்குப் போடலாம், மீதியை மரக்கறிப் பாத்திக்கு மூடாக்காக்கலாம். நுவரெலியாக் குளிரில் வளர்ச்சி மந்தம்தான். ஜனவரிப் பனியில் இலை கருகினாலும் அடியிலிருந்து துளிர்க்கும்.

வாசனை வேருக்காகத் தோண்ட ஆசையா? சமதரையில் தனியாக நாலு தூர் வையுங்கள். சரிவைப் பிடித்து நிற்கிறதைத் தொடவேண்டாம். மண்சரிவு எச்சரிக்கை உள்ள மேடு என்றால் புல்லை நம்பி இருக்காமல் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடம் கேளுங்கள்.