சேன் மாலோவுக்குப் போகும் முன் ஓத அட்டவணையைப் பாருங்கள்

பிரான்சின் ரென் நகரில் படிக்க வந்திருக்கும் மாணவர்கள், விடுமுறை நாளொன்றில் முதலில் போய்வர வேண்டிய இடம் பிரிட்டனி என்னும் பிரெஞ்சு வட்டாரத்தின் கடற்கரையில் மதில் சூழ்ந்து நிற்கும் சேன் மாலோ. ரயிலில் ஏறினால் சுமார் ஒரு மணி நேரம். நிலையத்திலிருந்து மதில் வாயிலுக்கு இருபது நிமிட நடை.

போகும் நாளை மட்டும் கவனமாகத் தேர்ந்தெடுங்கள். சென்னையில் கடல் ஏறி வற்றுவது, அதாவது ஓதம், ஒரு மீட்டர் அளவே என்பதால் நாம் அதைப் பொருட்படுத்துவதில்லை. இங்கோ பெரிய ஓத நாட்களில் அது 12 மீட்டரைத் தாண்டும். ஓத அட்டவணையில் நேரத்துடன் ஓதத்தின் அளவைக் காட்டும், 20 முதல் 120 வரையான ஒரு குணகமும் தரப்பட்டிருக்கும். அது 100-ஐ நெருங்கும் நாளே சிறந்தது. அமாவாசையோ பௌர்ணமியோ கழிந்த ஓரிரு நாளில் குணகம் கூடும். அந்நாட்களில் கடல் பிற்பகலில் வற்றி மாலையில் ஏறுவதால், இரண்டையும் ஒரே பயணத்தில் பார்த்துவிடலாம்.

நீர் வற்றிக்கொண்டிருக்கும்போதே பான் செக்கூர் கடற்கரையில் இறங்கி, அங்குள்ள கடல்நீர்க் குளத்தைச் சுற்றி நடந்து, கற்பாதை வழியே கிராண்ட் பே தீவுக்கு நடந்து செல்லுங்கள். பாதையெங்கும் பாசி படர்ந்திருக்கும். தோல் செருப்புடன் போன நான் இரண்டு முறை வழுக்கினேன். தீவின் கடலோர முனையில், 1848-இல் மறைந்த எழுத்தாளர் ஷத்தோபிரியானின் கல்லறை, பெயர்கூடப் பொறிக்கப்படாமல், ஒரு கற்சிலுவையுடன் இருக்கிறது. கடல் முழுவதும் வற்றும் நேரத்துக்குள் திரும்பத் தொடங்குவது நல்லது. ஒருவேளை பாதை மூழ்கிவிட்டால், முழங்கால் அளவுதானே என்று தண்ணீரில் இறங்காமல், மீண்டும் வற்றும்வரை பல மணி நேரமானாலும் தீவிலேயே காத்திருக்க வேண்டும்.

மதில்மேல் சுற்றிவரக் கட்டணமில்லை, ஏறத்தாழ 1.8 கிலோமீட்டர். உள்ளே தெரியும் கருங்கல் வீடுகளைப் பழையவை என்று எண்ணிவிடாதீர்கள்: 1944 ஆகஸ்டில் நகரின் பெரும்பகுதி எரிந்தழிந்ததால், அவற்றில் பல போருக்குப் பின் பழைய சாயலிலேயே எழுப்பப்பட்டவை. நமக்கும் இவ்வூருக்கும் ஒரு கணக்கு உண்டு. 1746-இல் சென்னையின் புனித ஜார்ஜ் கோட்டையைக் கைப்பற்றிய பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி லபூர்தொனே 1699-இல் பிறந்தது இங்கேதான்.

பசித்தால் பக்வீட் என்னும் தானிய மாவில் வார்க்கும் கலெத் கேளுங்கள். முறுகலான தோசையின் உறவு என்றே சொல்லலாம். 'கொம்ப்ளேத்' என்ற கலெத் வகையில் பன்றி இறைச்சி சேர்ப்பார்கள், ஆகையால் சைவ உணவினர் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

மாலையில் பான் செக்கூருக்கு மேலே மதிலோரமாக நின்று பாருங்கள். பகலில் நீங்கள் சுற்றி நடந்த கடல்நீர்க் குளத்தின் சுவர்கள் மறைந்து, தாவிக் குதிக்கும் மேடை மட்டும் தண்ணீருக்கு மேல் தெரியும்.