பழைய சிஸ்டத்தை அணைக்கும் முன்: காசு கொடுத்து வாங்கிய பழைய சாஃப்ட்வேரைப் புதுக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது எப்படி?

விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்தியது. அதிலிருந்து ரிச்சி தெருவில் புது சிஸ்டம் வாங்கி வருகிற தெரிந்தவர்கள் எல்லாரும் என்னிடம் கேட்பது ஒரே கேள்வி: "காசு போட்டு வாங்கின பழைய சாஃப்ட்வேர் இதுல ஓடுமா?"

திருவல்லிக்கேணியில் அச்சகம் வைத்திருக்கும் என் மாமாவும் கேட்டார். கல்யாணப் பத்திரிகை, பில் புக், கோயில் கும்பாபிஷேக நோட்டீஸ் என்று அவர் செய்த வேலை எல்லாம் பேஜ்மேக்கர் 7.0 என்ற அடோபியின் பக்க வடிவமைப்புச் சாஃப்ட்வேரில் இருக்கிறது. 2001-ல் வந்த அந்தப் பதிப்போடு பேஜ்மேக்கரே நின்றுபோனது. "வேற எதுக்காவது மாறிடலாமே மாமா" என்றேன். "பழைய பைல் எல்லாம் யாருடா திரும்ப அடிப்பா?" என்றார். நியாயமான பேச்சு. போன ஆண்டு பத்திரிகை அடித்த வீட்டுக்காரர் இந்த ஆண்டு தம்பி கல்யாணத்துக்கு வந்து "அதே மாதிரி போடுங்க" என்றால், அந்தப் பைல் திறந்தாக வேண்டும்.

அவர் சிஸ்டத்தை மாற்றிக் கொடுத்த வரிசையிலேயே எழுதுகிறேன். உங்களுடையது பேஜ்மேக்கராக இல்லாமல் பழைய டேலி, கோரல் டிரா, ஆஃபீஸ் 2007 என்று எதுவாக இருந்தாலும் வழி பெரும்பாலும் இதுதான்.

முதல் படி: பழைய சிஸ்டம் ஓடும்போதே எல்லாவற்றையும் எடுங்கள்

வேலையில் முக்கால்வாசி இந்தப் படிதான். இதில் அவசரப்படாதீர்கள். மூன்று வருடங்களுக்கு முன் எனக்குத் தெரிந்த கணக்கர் ஒருவர் பழைய சிஸ்டத்தை எக்ஸ்சேஞ்சில் ஒரு கடைக்குக் கொடுத்தார். அன்று சாயங்காலமே ஹார்ட் டிஸ்க்கை பார்மேட் செய்துவிட்டார்கள். அவருடைய சீரியல் நம்பர் அந்த டிஸ்க்கைத் தவிர வேறெங்கும் இல்லை. முறையாகப் பணம் கட்டி வாங்கிய மனிதர், தன்னுடையது என்று நிரூபிக்க ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லாமல் நின்றார். அதை நினைத்தால் எனக்கு இன்னும் வருத்தமாக இருக்கிறது.

சாஃப்ட்வேரைத் திறந்து ஹெல்ப் மெனுவில் அபவுட்டை அழுத்துங்கள். பதிப்பு எண் முழுதாகத் தெரியும். பல சாஃப்ட்வேர்களில் சீரியல் நம்பரும் அங்கேயே இருக்கும். போனில் ஒரு படம் எடுங்கள். பழைய ஆஃபீஸ் கீயைத் தொலைத்திருந்தால் நிர்சாஃப்டின் ப்ரொடியூகீ என்ற சின்ன இலவசக் கருவி 2007, 2010 பதிப்புகளின் கீயைக் காட்டும். அதை நிர்சாஃப்டின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். ஆன்டிவைரஸ் சில நேரம் கத்தும், ஏனென்றால் கீயை வாசிப்பதே அந்தக் கருவியின் வேலை. ஆஃபீஸ் 2013 முதல் கணினியில் கடைசி ஐந்து எழுத்துகள் மட்டுமே பதிந்திருக்கும், முழுக் கீ கிடைக்காது. அதற்குப் பில்லையோ மின்னஞ்சலையோதான் தேட வேண்டும்.

மாமாவின் சிடி டப்பாவைத் திருப்பினேன். பின்பக்கம் வெள்ளை ஸ்டிக்கர், பால்பாயிண்ட் பேனா கீறலோடு மங்கிப்போன எண்கள். நடுவில் ஓர் எண் 1-ஆ 7-ஆ என்று கண்ணுக்குத் தெரியவில்லை. டியூப்லைட்டுக்குச் சாய்த்துப் பிடித்துப் படமெடுத்துப் பெரிதாக்கியபோது 7-இன் மேல்கோடு தெரிந்தது. ஸ்டிக்கர் இன்னும் இரண்டு கோடை தாங்கியிருக்காது. படித்த எண்ணை அப்போதே பில் நகலோடு சேர்த்து ஒரு நோட்டில் எழுதி வைத்தோம்.

அப்புறம் எழுத்துருக்கள். விண்டோஸ் போல்டருக்குள் இருக்கும் பான்ட்ஸ் போல்டரை முழுதாக ஒரு பென் டிரைவில் காப்பி செய்யுங்கள். வேலைப் பைல்களையும் டெம்ப்ளேட்களையும் இரண்டு இடத்தில் வையுங்கள், ஒன்றில் மட்டும் வேண்டாம்.

இரண்டாம் படி: உங்கள் லைசென்ஸ் எந்த வகை?

கடையில் தனியாக வாங்கிய ரீடெய்ல் லைசென்ஸ் என்றால் பொதுவாகப் பழையதில் நீக்கிவிட்டுப் புதியதில் போடலாம். கம்ப்யூட்டரோடு சேர்ந்து வந்த ஓஇஎம் லைசென்ஸ் அந்த இயந்திரத்தோடு கட்டுப்பட்டது, புதியதற்கு வராது. சிடி உறையிலோ பில்லிலோ ஓஇஎம் என்று போட்டிருக்கிறதா பாருங்கள்.

இன்டர்நெட் வழியாக ஆக்டிவேட் செய்த சாஃப்ட்வேர் என்றால், ஹெல்ப் மெனுவில் டீஆக்டிவேட் இருக்கிறதா என்று தேடி, இருந்தால் பழைய சிஸ்டத்திலேயே அழுத்திவிடுங்கள். இல்லையென்றால் புதியதில் "அனுமதித்த எண்ணிக்கை முடிந்துவிட்டது" என்று வந்து நிற்கும்.

நிறுவனமே ஆக்டிவேஷன் சர்வரை மூடிவிடுவதும் உண்டு. அடோபி தன் சிஎஸ்2 தொகுப்புக்கான சர்வரை 2012 டிசம்பரில் நிறுத்தியது. அப்போது லைசென்ஸ் வைத்திருந்தவர்களுக்கு ஆக்டிவேஷன் கேட்காத பதிப்பைக் கொடுத்தார்கள். ஆகவே சர்வர் பதில் சொல்லவில்லை என்றால் சோர்ந்துவிடாமல், பில்லை ஸ்கேன் செய்து நிறுவனத்தின் உதவிப் பிரிவுக்கு எழுதுங்கள். பேஜ்மேக்கர் 7.0-க்கு இந்தத் தொல்லை இல்லை, சீரியல் நம்பர் போதும்.

"கிராக் போட்டுத் தர்றேன் சார்" என்று யாராவது பென் டிரைவை நீட்டினால் வாங்காதீர்கள். உங்களிடம் முறையான லைசென்ஸ் இருக்கிறது. வாடிக்கையாளர்களின் பைல் இருக்கும் சிஸ்டத்தில் யாரோ திருத்திய புரோகிராமை ஓடவிட ஒரு காரணமும் இல்லை.

மூன்றாம் படி: சிடியை ஐஎஸ்ஓ ஆக்குங்கள்

சென்னையின் ஈரக்காற்றில் பீரோவுக்குள் இருக்கும் சிடியும் பூஞ்சை பிடிக்கும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் தரைத்தளத்து வீடுகளில் எத்தனை சிடி போயிருக்கும் என்று உங்களுக்கே தெரியும். மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேர்கோடாகத் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால் கீறல் தடத்தோடு ஓடி, படிக்க முடியாமல் போகும்.

புதுக் கம்ப்யூட்டரில் சிடி டிரைவ் இருக்காது. பழையதில் இருந்தால் அதிலேயே இம்க்பர்ன் மாதிரி இலவசக் கருவியால் சிடியை ஒரே ஐஎஸ்ஓ பைலாக எடுத்துவிடலாம். இல்லையென்றால் யுஎஸ்பி டிவிடி டிரைவ் ஒன்றை இரவல் வாங்குங்கள். அந்த ஐஎஸ்ஓவை விண்டோஸ் 11-ல் இரட்டைக் கிளிக் செய்தால் சிடி போட்டது போலவே திறக்கும். "காப்பி எடுப்பது தப்பில்லையா?" என்று மாமா கேட்டார். முறையாக வைத்திருப்பவர் இழப்புக்கும் சேதத்துக்கும் எதிரான பாதுகாப்பாக பேக்கப் நகல் எடுப்பதை, இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 52 அனுமதிக்கிறது.

நான்காம் படி: ஏற்றுவது

விண்டோஸ் 11 64-பிட் மட்டுமே. 16-பிட் புரோகிராம்கள் அதில் ஓடாது. விண்டோஸ் 3.1 காலத்துச் சாஃப்ட்வேரோ டாஸ் சாஃப்ட்வேரோ என்றால் நேராக ஆறாம் படிக்குப் போங்கள். 32-பிட் சாஃப்ட்வேருக்குப் பெரும்பாலும் வழி உண்டு. சில நேரம் சாஃப்ட்வேர் 32-பிட்டாக இருந்தும் செட்டப் மட்டும் 16-பிட்டாக இருக்கும். பழைய இன்ஸ்டால்ஷீல்டு செட்டப்கள் சிலவற்றுக்கு விண்டோஸே மாற்று வைத்திருக்கிறது, அதனால் ஒரு தடவை முயன்று பாருங்கள்.

செட்டப் பைலில் வலது கிளிக், ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர். எங்கே நிறுவட்டும் என்று கேட்கும்போது ப்ரோகிராம் பைல்ஸ் போல்டரை விட்டுவிட்டு, சி டிரைவில் தனியாக ஒரு போல்டர் கொடுங்கள். பழைய சாஃப்ட்வேர்கள் தங்கள் செட்டிங்கைத் தங்கள் போல்டரிலேயே எழுதும். ப்ரோகிராம் பைல்ஸுக்குள் அப்படி எழுத விண்டோஸ் விடாது, வேறு ஒரு மறைவிடத்துக்குத் திருப்பிவிடும். "சேவ் பண்ணினேன், காணோம்" என்ற புகார் பாதி இதனால்தான்.

நிறுவியபின் திறக்கவில்லை என்றால், ஐகானில் வலது கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸில் கம்பேட்டிபிலிட்டி தாவலுக்குப் போய் விண்டோஸ் எக்ஸ்பி சர்வீஸ் பேக் 3-ஐத் தேர்ந்தெடுங்கள். எழுத்தும் மெனுவும் எறும்பு அளவில் தெரிந்தால் அதே தாவலில் டிபிஐ செட்டிங்கைத் திறந்து, ஸ்கேலிங்கை சிஸ்டமே செய்யட்டும் என்று மாற்றுங்கள். டாட்நெட் 3.5 என்ற மைக்ரோசாஃப்டின் துணைப் பகுதியைக் கேட்டால் கன்ட்ரோல் பேனலில் விண்டோஸ் ஃபீச்சர்ஸ் பகுதியில் அதை டிக் செய்தால் போதும்.

ஐந்தாம் படி: லாக்கும் எழுத்துருவும்

தமிழ் டிடிபிக்காரர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். லாக் என்று நாம் சொல்லும் டாங்கிள், அதாவது செருகினால்தான் சாஃப்ட்வேர் திறக்கும் சின்னக் கருவி, யுஎஸ்பி வகை என்றால், அதன் புதிய 64-பிட் டிரைவரை லாக் தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் தேடுங்கள். சிடியில் இருக்கும் 32-பிட் டிரைவர் 64-பிட் விண்டோஸில் ஏறாது. டிரைவரைப் போட்டு முடித்த பிறகே லாக்கைச் செருகுங்கள். பிரிண்டர் போர்ட்டில் மாட்டும் 25 முனை லாக் என்றால் யுஎஸ்பி மாற்று கேபிள் வாங்கிக் காசை வீணாக்காதீர்கள். அந்தக் கேபிள் பிரிண்டருக்கானது, லாக்கோடு அதற்குப் பேசத் தெரியாது. டெஸ்க்டாப்பில் பேரலல் போர்ட் கார்டு போட்டால் வாய்ப்பு உண்டு. லாக்கைக் காட்டி, யுஎஸ்பி லாக்காக மாற்றித் தருவீர்களா என்று நிறுவனத்திடம் கேட்பது அதைவிட நல்லது.

எழுத்துருவில் ஒரு சின்ன விஷயம் எங்களை அரை நாள் உட்கார வைத்தது. பான்ட் எல்லாம் போட்டாயிற்று, வேர்டில் தெரிகிறது, பேஜ்மேக்கரில் மட்டும் இல்லை. 'மணமக்கள்' இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் குறியுமாகக் கலந்து கிடந்தது. பழைய பான்ட்கள் யூனிகோட் அல்ல, ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்தவை. பான்ட் கிடைக்காவிட்டால் அடியில் இருப்பது வெளியே வந்துவிடும். காரணம் இதுதான்: இரட்டைக் கிளிக் செய்து இன்ஸ்டால் கொடுத்தால் இப்போதைய விண்டோஸ் அந்த ஒரு பயனருக்கு மட்டும் தனி இடத்தில் போடுகிறது. பழைய சாஃப்ட்வேர் அங்கே தேடாது. பான்டில் வலது கிளிக் செய்து இன்ஸ்டால் ஃபார் ஆல் யூசர்ஸ் கொடுத்தோம். பேஜ்மேக்கரை மூடித் திறந்தோம். மணமக்கள் வந்தார்கள்.

ஆறாம் படி: எதற்கும் மசியவில்லை என்றால்

ஆரக்கிளின் விர்ச்சுவல்பாக்ஸை நிறுவி அதற்குள் பழைய விண்டோஸை ஓட்டலாம். அந்த விண்டோஸுக்கும் முறையான லைசென்ஸ் வேண்டும். எக்ஸ்பிக்கு 1 ஜிபி ரேமும் 20 ஜிபி இடமும் தாராளம். எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரலிலேயே முடிந்துவிட்டது, அதனால் செட்டிங்கில் நெட்வொர்க்கை அணைத்துவிடுங்கள். பைலைப் பகிர்வு போல்டர் வழியாகக் கொண்டுவரலாம். யுஎஸ்பி லாக்கை உள்ளே இருக்கும் விண்டோஸுக்கு ஒப்படைக்கும் வசதியும் அதில் இருக்கிறது. எல்லாம் சரியாக ஓடியதும், அந்த நிலையை அப்படியே சேமித்து வைக்கும் ஸ்னாப்ஷாட் ஒன்றை எடுத்துவிடுங்கள்.

கடைசியாக, சோதனை

திறந்துவிட்டது என்பதோடு நிறுத்தாதீர்கள். இருப்பதிலேயே பழைய பைல் ஒன்றைத் திறந்து, திருத்தி, சேவ் செய்து, மூடித் திறந்து, பிரிண்ட் எடுங்கள். நாங்கள் மாமாவின் பழைய பத்திரிகை ஒன்றை லேசரில் எடுத்து, கோப்பில் இருந்த அசல் பிரதிமேல் வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். வரிக்கு வரி பொருந்தியது, ஒற்றுக்கு மேல் புள்ளி உட்பட. பழைய சிஸ்டத்தை அப்படியே மூலையில் வைத்திருக்கிறோம். அடுத்த முகூர்த்த சீசன் முடியும்வரை அதை யாருக்கும் கொடுப்பதில்லை என்று மாமா அதன்மேல் சீட்டு ஒட்டிவிட்டார்.